கஜா சென்ற தடம்: ஒரு புயலும் தென்னையின் கணக்கும்

திசைக்கு ஒரு காற்று என்று பெயர் வைத்து அழைத்தவர்கள் நம் முன்னோர். வடக்கே இருந்து வீசினால் வாடை. தெற்கே இருந்து வந்தால் தென்றல். கிழக்கே இருந்து வந்தால் கொண்டல். மேற்கே இருந்து வந்தால் கோடை. இந்த நாலு பெயரையும் பள்ளிக்கூடத்தில் படித்துப் பரீட்சை எழுதி மறந்தும் போயிருப்போம். ஆனால் 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி, நள்ளிரவு தாண்டிய சில மணி நேரத்துக்குள், வேதாரண்யம் தொடங்கிப் புதுக்கோட்டைச் சீமை வரை இருந்த மக்கள் இந்த நாலு காற்றின் முழுப் பலத்தையும் பார்த்துவிட்டார்கள். அன்று வந்த புயலுக்குப் பெயர் கஜா.

நம் சங்கத்து அன்பர்களில் தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களைச் சொந்த ஊராகக் கொண்டவர்கள் பல குடும்பத்தார் உண்டு. அவர்களுக்குக் கஜா என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காற்று ஏன் அப்படித் திரும்பித் திரும்பி அடித்தது, அத்தனை தென்னை ஏன் சாய்ந்தது, பக்கத்திலேயே பனை ஏன் நின்றது, இழப்புக்குக் கிடைத்த பணம் எந்தக் கணக்கில் சேரும் என்பவற்றை ஓரிடத்தில் தொகுத்துச் சொன்னால் பயன்படும் என்று தோன்றியது. அதுவே இக்கட்டுரையின் நோக்கம்.

சூறாவளியும் புயலும்

முதலில் சொல்லைச் சற்று ஆராய்வோம். பேச்சுவழக்கில் பெருங்காற்று எதுவானாலும் 'சூறாவளி' என்று சொல்லிவிடுகிறோம். சூறை, வளி என்ற இரண்டு சொல்லும் சேர்ந்தது அது. வளி என்றால் காற்று. சூறை என்றால் கொள்ளை. 'சூறையாடினான்' என்று இன்றும் சொல்கிறோம் அல்லவா? கொள்ளையடிக்கிற காற்று சூறாவளி. 'புயல்' என்ற சொல்லோ பழைய நூல்களில் வேறு பொருளில் வரும். திருக்குறளில் வான்சிறப்பு அதிகாரத்தில் 'புயல்' என்று வருமிடத்தில் மழையையும் மழைமேகத்தையும்தான் கொள்ள வேண்டும். அழிக்கும் காற்று என்ற பொருள் அங்கே கிடையாது. மழை கொண்டுவருவதற்கு இருந்த பெயர், பிற்காலத்தில் மழையோடு சேர்ந்து வரும் பேரழிவுக்கு ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் வழங்கும் 'சைக்ளோன்' என்ற சொல்லும் நம் நாட்டில் பிறந்ததுதான். கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் என்பவர் 1848-இல் மாலுமிகளுக்காக எழுதிய நூலில் அச்சொல்லை வழங்கினார். வட்டம் என்றும் பாம்பின் சுருள் என்றும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை எடுத்தார்.

இன்று வானிலை அறிஞர்கள் இரண்டு வகைச் சுழற்காற்றைத் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறார்கள். ஒன்று 'டார்னேடோ'. பெரிய இடிமேகத்தின் அடியிலிருந்து யானைத் தும்பிக்கை போல இறங்கித் தரையைத் தொடுவது. அதன் அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டர்தான். ஆயுளோ சில நிமிடம். போகும் தூரமும் பெரும்பாலும் சில கிலோமீட்டர். ஆனால் அந்தக் குறுகிய பட்டைக்குள் காற்றின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைக்கூடத் தாண்டலாம். ஒரு வீடு தரைமட்டமாகும். எதிர்வீட்டுக் கூரை அசையாமல் இருக்கும். தமிழ்நாட்டில் இது மிக அரிது. வங்காளத்துப் பக்கத்தில்தான் கோடை தொடங்கும் மாதங்களில் இது தலைகாட்டும். 1989 ஏப்ரல் 26-இல் வங்கதேசத்தின் தௌலத்பூர், சாதூரியா பகுதியில் வீசிய டார்னேடோவில் ஏறத்தாழ 1,300 பேர் மாண்டார்கள். உலகில் ஒரே டார்னேடோவில் அதிகமான உயிர்கள் போனது அங்கேதான் என்பர். 2024 மார்ச் 31-இல் மேற்கு வங்காளத்தின் ஜல்பாய்குரி மாவட்டத்தில் மைனாகுரி வட்டாரத்துக் கிராமங்களில் பிற்பகலில் சில நிமிடமே வீசிய காற்று, ஐந்து உயிர்களைக் கொண்டுபோனது. நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

மற்றொன்று நம் புயல். கடலில் பிறப்பது. மேற்பரப்பு நீர் 26, 27 பாகை செல்சியஸுக்குக் குறையாமல் சூடாக இருக்க வேண்டும். அந்தச் சூட்டில் ஆவியாகும் நீர்தான் அதற்குத் தீனி. அகலம் சில நூறு கிலோமீட்டர். ஆயுள் பல நாள். டார்னேடோவுக்கு முன்னறிவிப்புக் கொடுக்க வசதியுள்ள நாடுகளிலேயே பத்துப் பதினைந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. புயலுக்கு நாலைந்து நாள் கிடைக்கும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கஜா பிறந்து வந்த வழி

கஜா பிறந்தது நம் பக்கத்துக் கடலில் அல்ல. 2018 நவம்பர் முதல் வாரத்தின் முடிவில் தாய்லாந்து வளைகுடாவில் ஒரு காற்றழுத்தத் தாழ்வாகத் தோன்றி, மலாய்த் தீபகற்பத்தைக் கடந்து அந்தமான் கடலுக்கு வந்தது. 10-ஆம் தேதி தென்கிழக்கு வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஆனது. 11-ஆம் தேதி புயலானது. அப்போதுதான் பெயர் சூட்டினார்கள். வட இந்தியப் பெருங்கடல் புயல்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் 2004-இல் தொடங்கியது. சுற்றியுள்ள எட்டு நாடுகள் ஆளுக்குக் கொஞ்சம் பெயரை முன்கூட்டியே கொடுத்து வைத்தன. அதில் 'கஜா' இலங்கை கொடுத்தது. யானை என்று பொருள். பொருத்தம் பார்த்து வைத்த பெயர் இல்லை, வரிசையில் அடுத்து நின்ற பெயர். ஆனாலும் வாழைத்தோட்டத்தில் யானை புகுந்தது போல என்ற உவமை பொய்க்கவில்லை.

தொடக்கத்தில் அது வடமேற்காக நகர்ந்தது. ஆகவே கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இடையே கரை கடக்கலாம் என்றுதான் முதலில் அறிவித்தார்கள். சென்னைவாசிகள் மெழுகுவத்தி வாங்கி வைத்தார்கள். ஆனால் நடுக்கடலில் புயல் கொண்டை ஊசி போல வளைந்து தென்மேற்காகத் திரும்பியது. பின்னர் கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே என்று அறிவிப்பு மாறியது. புயல் தானாக நடப்பதில்லை. ஆற்றில் மிதக்கும் பம்பரம் போல, மேலே உள்ள பெரிய காற்றோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் போகும். சுற்றுவது அதன் வேலை. நடத்திச் செல்வது வேறொன்று. இரண்டு காற்றோட்டங்களின் இழுப்புக்கு நடுவே மாட்டிக்கொண்டால் சற்றுத் தயங்கி நின்று வளையும். கஜாவுக்கு நடந்தது அதுதான்.

முடிவில் 16-ஆம் தேதி அதிகாலை 12.30 மணிக்கும் 2.30 மணிக்கும் இடையே நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியது. அப்போது காற்றின் வேகம் மணிக்கு 130 கிலோமீட்டர், இடையிடையே 145 வரை என்று இந்திய வானிலைத் துறையின் அறிக்கை கூறுகிறது. கரையேறிய புயல் வழக்கமாகச் சீக்கிரம் தளர்ந்துவிடும். தீனி போடும் கடல் காலடியில் இல்லை. மரமும் மேடும் உரசுகின்றன. ஆனால் கஜா கரையேறிய நிலம் மேடே இல்லாத டெல்டாவின் கடைமடை. நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களின் தென்பகுதி, புதுக்கோட்டை என்று வரிசையாக மிதித்துக்கொண்டு, திண்டுக்கல் பக்கம் போய்க் கொடைக்கானல் மலையிலும் மரங்களைச் சாய்த்து, மண்சரிவை உண்டாக்கி, கேரளத்தைக் கடந்து, வலுவிழந்த நிலையில் அரபிக்கடலில் இறங்கியது. கிழக்குக் கடலில் புறப்பட்டது மேற்குக் கடல் வரை போயிருக்கிறது.

நாலு காற்றும் ஒரு மையமும்

இனி அந்தக் காற்று திரும்பித் திரும்பி அடித்த விஷயத்துக்கு வருவோம்.

நம் வடகோளத்தில் புயல் எப்போதும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். பூமி சுழல்வதால் ஏற்படும் விளைவு இது. இப்போது ஒரு தாம்பாளத்தை மேசைமேல் வைத்து எதிர்ச்சுற்றாகச் சுற்றுங்கள். தாம்பாளத்தின் வடக்கு ஓரம் கிழக்கிலிருந்து மேற்காக ஓடும். அதாவது மையத்துக்கு வடக்கே உள்ள ஊர்களில் கொண்டல் அடிக்கும். தெற்கு ஓரத்தில் கோடை அடிக்கும். மேற்கு ஓரத்தில் வாடை. கிழக்கு ஓரத்தில் தென்றல். ஆக, புயல் என்பது நம் முன்னோர் பெயரிட்ட நாலு காற்றும் ஒரே மையத்தைச் சுற்றி ஓடுவதுதான்.

சுற்றுகின்ற அந்தத் தாம்பாளத்தை அப்படியே கிழக்கிலிருந்து மேற்காகத் தள்ளுங்கள். மையம் நேரே கடந்து போகும் ஊரில் என்ன நடக்கும்? முதலில் தாம்பாளத்தின் மேற்கு ஓரம் அந்த ஊரைத் தொடும்: வாடை அடிக்கும். பிறகு மையம் வரும். அதைப் புயலின் 'கண்' என்பார்கள். அங்கே காற்று அடங்கி, மழையும் விட்டு, சில நேரம் நட்சத்திரம்கூடத் தெரியும். 'அப்பாடா, விட்டுது' என்று ஜனங்கள் கதவைத் திறந்து வெளியே வருவார்கள். அதுதான் ஆபத்தான நேரம். கண் கடந்ததும் தாம்பாளத்தின் கிழக்கு ஓரம் வந்து சேரும். இப்போது அடிப்பது தென்றல். கவிகள் கொஞ்சிய அதே தென்றல், இந்தத் தடவை கூரையைத் தூக்குகிற வேகத்தில். வடக்கேயிருந்து அடித்துத் தள்ளாடிய மரத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தால் நிற்குமா?

மையத்துக்கு வலப்புறமும் இடப்புறமும்கூட ஒன்றல்ல. மேற்கு நோக்கி நகரும் புயலுக்கு வலப்புறம் வடக்கு. அங்கே சுழலும் காற்றும் நகரும் வேகமும் ஒரே திசையில் கூடுகின்றன. கடல்நீரையும் கரைமேல் தள்ளுகின்றன. இடப்புறமான தெற்கில் ஒன்றிலிருந்து ஒன்று கழிகிறது. கடைக்காரர் பாஷையில் சொன்னால், வடக்கே வரவு, தெற்கே கழிவு.

ஆகவே காற்று நின்றபின் ஒரு தோப்பில் மரங்கள் எந்தத் திசையில் கிடக்கின்றன என்று பார்த்தாலே, மையம் எந்தப் பக்கம் போயிற்று என்று ஊகிக்கலாம். இது வெறும் ஊர்ப்பேச்சு அல்ல. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜப்பானிய அறிஞர் தெத்சுயா ஃபுஜிதா, டார்னேடோ போன தடத்தில் விழுந்த மரத்தையும் இடிந்த வீட்டையும் படித்தே காற்றின் வேகத்தை மதிப்பிடும் அளவுகோலை 1971-இல் வகுத்தார். கருவி இல்லாத இடத்தில் விழுந்த மரமே கருவி.

தென்னை ஏன் சாய்ந்தது, பனை ஏன் நின்றது

காற்றின் தாக்கும் விசை வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறும் என்பது இயற்பியல். வேகம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்கு. 65 கிலோமீட்டர் காற்றில் ஆடிவிட்டு நிற்கிற தென்னைக்கு 130 கிலோமீட்டர் காற்று நாலு பங்கு அடியைக் கொடுக்கிறது.

தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. அடிமரத்திலிருந்து கயிறுபோலப் பல நூறு வேர்கள் நாலாபக்கமும் ஓடும். பெரும்பகுதி வேர் மரத்தைச் சுற்றி இரண்டு மீட்டருக்குள், மேல்மண்ணிலேயே தங்கிவிடும். மழையில் ஊறிய மணற்பாங்கான நிலத்தில் அந்தப் பிடி தளர்ந்துபோகும். மேலேயோ நீண்ட மட்டைகளோடு விரிந்த தலை, அதற்குக் கீழே குலைகுலையாகக் காயின் பாரம். நீண்ட கம்பின் நுனியில் குடையை விரித்துப் பிடித்தது போல. பனையின் மட்டை குட்டை, தலை அடக்கம், வேரின் பிடிப்பும் ஆழமானது. கஜாவுக்குப் பிறகு சாய்ந்த தென்னந்தோப்புகளின் ஓரத்தில் வரப்புப் பனைகள் நின்றதைப் பலரும் கண்டார்கள். 1978-லேயே தமிழ்நாட்டின் மாநில மரமாக அறிவிக்கப்பட்டது பனை. நாம் அதைச் செங்கல் சூளைக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

அந்த வட்டாரத்தில் இத்தனை தென்னை எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1934-இல் மேட்டூர் அணை முடிந்தபோது கல்லணைக் கால்வாயும் வெட்டப்பட்டு, பட்டுக்கோட்டைப் பக்கத்து வானம்பார்த்த நிலத்துக்குக் காவிரி நீர் வந்தது. நெல் வந்தது. பிற்காலத்தில் கடைமடைக்குத் தண்ணீர் நிச்சயமில்லாமல் போக, ஆள்கூலியும் ஏற, ஆழ்துளைக் கிணற்றை நம்பிப் பலர் தென்னைக்கு மாறினார்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று தோப்பு தோப்பாக வளர்ந்தது. 'தென்னையை வெச்சா பெத்த பிள்ளை மாதிரி' என்று ஊரில் சொல்வது சும்மா இல்லை. மாதாமாதம் வெட்டு. பிள்ளை படிப்பு, பெண் கல்யாணம், எல்லாம் அதில்தான். ஒரே பயிரை நம்பியிருந்த சீமையின்மேல், அந்தப் பயிரைக் குறிவைத்தது போலவே காற்று வந்தது. சாய்ந்த தென்னைகள் பல இலட்சம்.

இதற்கு ஏழு ஆண்டு முன்பு, 2011 டிசம்பர் 30-ஆம் தேதி காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய 'தானே' புயல் இதே பாடத்தைப் பலா, முந்திரி மரங்களை வைத்து நடத்தியது. பண்ருட்டிப் பலாவும் கடலூர் மாவட்டத்து முந்திரியும் வேரோடு பெயர்ந்தன. நெல் போனால் அடுத்த போகத்தில் எழுந்துவிடலாம். மரம் போனால் ஒரு தலைமுறை.

உயிர்க் கணக்கு

1977 நவம்பர் 12-இல் இதே நாகப்பட்டினப் பகுதியில் கரையேறிய புயலில் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு ஒரு வாரம் கழித்து ஆந்திரத்தின் திவிசீமையில் போன உயிர்கள் பத்தாயிரத்தையும் தாண்டும். கஜாவில் இறந்தவர்கள் அறுபதுக்கு மேற்பட்டோர். ஒவ்வொரு உயிரும் ஒரு குடும்பம். அதை எண்ணால் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. ஆனால் ஐந்நூறு ஏன் அறுபதாகியது என்று கேட்க வேண்டும். 1977-இல் நமக்கென்று வானிலை பார்க்கும் செயற்கைக்கோள் கிடையாது. இன்சாட்-1பி விண்ணில் ஏறியதே 1983-இல்தான். 2018-இல் செயற்கைக்கோளும் காரைக்கால் ரேடாரும் புயலின் ஒவ்வொரு அடியையும் கவனித்தன. கரையேறுமுன்பே எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோரை முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். நாலு நாள் முன்னறிவிப்பின் பலன் அது.

ஆனால் முன்னறிவிப்பு மனிதனைத்தான் நகர்த்தும். மரம் நகராது. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. மின்சாரம் இல்லையென்றால் மோட்டார் இல்லை. மோட்டார் இல்லையென்றால் குடிதண்ணீரே இல்லை. கோடியக்கரைச் சரணாலயத்தில் காடு அழிந்தது. இறந்த மான்களின் உடல்கள் காரைக்கால் கரை வரை போய் ஒதுங்கின.

வியாபாரி போடும் கணக்கு

படித்தவர்கள் கோடிகளில் பேசுவார்கள். நான் மண்டிக் கணக்கில் சொல்கிறேன், ஒரு ஏக்கருக்கு.

நெட்டை இரகத் தென்னை ஹெக்டேருக்கு 175 மரம் நடுவது முறை. அதாவது ஏக்கருக்கு 70. ஒரு மரம் ஆண்டுக்கு 100 காய், காய்க்குத் தோப்பு விலை 10 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மரத்துக்கு 1,000 ரூபாய், ஏக்கருக்கு 70,000. புதிதாக நட்ட கன்று காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டு ஆகும். நல்ல மகசூலுக்கு இன்னும் சில ஆண்டு. ஏழு ஆண்டு என்றே பிடித்தாலும் போன வரவு ஏக்கருக்கு 4,90,000 ரூபாய். செலவைக் கழித்துப் பாதி என்று வைத்தாலும் 2,45,000.

தமிழக அரசு அறிவித்த நிவாரணம் மரத்துக்கு 600 ரூபாய், விழுந்த மரத்தை வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100. ஏக்கருக்கு 77,000. மறுநடவுக்குத் தனியாக உதவி அறிவித்தார்கள். இதைக் குறைகூறுவதற்காக எழுதவில்லை. இத்தனை இலட்சம் மரத்துக்கு இதைக் கொடுப்பதே எந்த அரசுக்கும் பெருஞ்சுமை. ஆனால் நிவாரணம் என்பது மூச்சு வாங்க உதவும் பணம். போன முதலை ஈடுகட்டும் பணம் அல்ல. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு காத்திருந்த குடும்பங்கள்தான் கடனில் விழுந்தன.

முதலை ஈடுகட்டுவது காப்பீடு. தென்னை வளர்ச்சி வாரியமும் வேளாண் காப்பீட்டு நிறுவனமும் சேர்ந்து 2009-இல் தென்னை மரக் காப்பீட்டைத் தொடங்கின. 16 முதல் 60 வயது வரையுள்ள மரத்துக்கு ஆண்டுக் கட்டணம் 14 ரூபாய், காப்பீட்டுத் தொகை 1,750 என்று வகுத்திருந்தார்கள். அந்த 14-இல் பாதியை மத்திய அரசும் கால் பங்கை மாநில அரசும் ஏற்க, விவசாயி கட்ட வேண்டியது மூன்றரை ரூபாய். ஏக்கருக்கு 70 மரம் என்றால் ஆண்டுக்கு 245 ரூபாய். தோப்பே போனால் வரவேண்டியது 1,22,500. இரண்டு பேர் ஹோட்டலில் ஒருவேளை சாப்பிடுகிற காசு! ஆனாலும் காப்பீடு செய்தவர்கள் சொற்பம். 'நம்ம தோப்புக்கு என்ன வரப்போவுது' என்ற நினைப்பு ஒரு காரணம். இப்படி ஒன்று இருப்பதே தெரியாதது மறு காரணம்.

தமிழில் புயலைப் பற்றிய பழைய வணிகக் கதை ஒன்று உண்டு. எங்கள் சமணர் வீடுகளில் போற்றப்படும் சீவக சிந்தாமணியில் சீதத்தன் என்ற வணிகன் பொருள் ஈட்டித் திரும்பும்போது கடலில் கப்பல் உடைகிறது. ஆனால் அது ஒரு வித்தியாதரன் செய்த மாயை. காரியம் முடிந்ததும் கப்பலும் சரக்கும் அப்படியே திரும்பக் கிடைக்கின்றன. காவியத்தில் கவி நினைத்தால் சரக்கு திரும்பும். பட்டுக்கோட்டைச் சீமையில் பத்திரம் எழுதி வைத்திருந்தால்தான் திரும்பும்.

ஓரறிவு உயிர்

மரபியலில் தொல்காப்பியர் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கும்போது புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர் என்றார். சமண நூல்களும் மரஞ்செடியை ஓரறிவு உயிராகவே கொள்ளும். இன்னும் ஒரு படி மேலே போய், நிலம், நீர், தீ, காற்று இவற்றிலும் ஓரறிவு உயிர்கள் உறைகின்றன என்று கூறும். அந்த நோக்கில் பார்த்தால் அன்றிரவு காற்றைப் பகை என்று திட்டவும் வழியில்லை. அதன் இயல்பில் அது சென்றது. நகரவும் முடியாமல் கத்தவும் முடியாமல் வழியில் நின்றவை மரங்கள். அவற்றைக் காப்பது ஆறறிவு படைத்தவன்மேல் விழுந்த கடமை. எந்த நிலத்துக்கு எந்த மரம், எத்தனை நெருக்கம், ஓரத்தில் காற்றைத் தடுக்க எது என்று பார்த்து வைப்பதும் ஒருவகை ஜீவகாருண்யம்தான்.

சில ஊர்களில் விழுந்த இளம் மரங்களை இயந்திரம் வைத்துத் தூக்கி நிறுத்தி, மட்டையைக் கழித்து, மண் அணைத்துப் பிழைக்க வைத்தார்கள். வேரின் ஒரு பகுதி மண்ணிலேயே பிடித்திருந்த மரங்களுக்கு அது பலித்தது. வெட்டிப் போடுமுன் வேரைப் பார்க்க வேண்டும் என்பது கஜா கற்பித்த நடைமுறைப் பாடம்.

பெங்களூரில் இருக்கும் நமக்கு

நாம் கடல்மட்டத்துக்கு மேலே 900 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், கரையிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறோம். புயல் என்றால் நமக்கு இரண்டு நாள் தூறலும் குளிரும், டிவியில் படமும்தான். ஆனால் ஊரில் நிலம் இருக்கிறவனுக்கு இங்கே இருந்தே செய்ய வேண்டிய வேலை சில உண்டு.

முதலாவது, பட்டா. நிவாரணமோ காப்பீடோ, அதிகாரி முதலில் கேட்பது 'நிலம் யார் பேரில்' என்பதைத்தான். தாத்தா பேரில் பட்டா, அப்பா காலமாகிவிட்டார், அண்ணன் சென்னையில், தம்பி பெங்களூரில், பாகப்பிரிவினை வாய்ச்சொல்லில். இப்படி எத்தனை குடும்பம்! அடங்கலில் தென்னை என்று பதிவு இருக்கிறதா என்றுகூடப் பார்த்திருக்க மாட்டோம். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது கோயில் திருவிழாவோடு இதையும் ஒரு வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, குத்தகைக்காரர். நிலம் நம் பேரில், உழைப்பு அவருடையது. பணம் வந்தால் நம் பேருக்கு வரும். தோப்பு போனால் அவர் வயிறு காயும். புயல் வந்தபின் பேசினால் சண்டை. முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் உறவு நிலைக்கும்.

மூன்றாவது, காப்பீடு. தென்னை வளர்ச்சி வாரியத்துக்குப் பெங்களூரிலேயே மண்டல அலுவலகம் உண்டு. நடப்பு விதியையும் கட்டணத்தையும் கேட்டறிந்து ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லலாம்.

நான்காவது, தோப்பின் அமைப்பு. தென்னையை விட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வரப்பில் பனை, ஊடே வேறு பயிர், ஒரே வயது மரமாக வைக்காமல் பல வயதாக என்று நட்டால், ஒரு காற்று எல்லாவற்றையும் ஒரே நாளில் கொண்டுபோகாது. முதலை ஒரே சரக்கில் போடாதே என்பது மண்டித்தெருவில் பிறந்த பிள்ளைக்கும் தெரிந்த பாடம்.

ஐந்தாவது, உதவி. புயல் என்றதும் நாம் பழைய புடவையை மூட்டை கட்டுகிறோம். கஜா வீசிய ஊர்களில் முதல் வாரத்தில் தேவைப்பட்டவை தார்ப்பாய், மெழுகுவத்தி, கொசுவத்தி, குடிதண்ணீர், மரம் அறுக்கும் இயந்திர வாள். சாலையில் கிடக்கும் மரத்தை அறுத்தால்தான் அரிசி லாரியே உள்ளே போகும். அடுத்த ஆறு மாதத்துக்குத் தேவைப்பட்டவை தென்னங்கன்றும் பள்ளிக் கட்டணமும். முதல் வாரம் எல்லாரும் நினைப்போம். ஆறாவது மாதம் நினைப்பவர் சிலர். அந்தச் சிலராக ஒரு சங்கம் இருக்க முடியும்.

வங்கக் கடல் இருக்கும் வரை ஐப்பசி, கார்த்திகையில் புயல் வரும். அது கொண்டுவரும் மழையில்லாமல் நம் ஏரி குளம் நிரம்பவும் செய்யாது. வரும் வழியை இன்று நாலு நாள் முன்பே சொல்லிவிடுகிறார்கள். அந்த நாலு நாளில் மனிதர்களை மேட்டுக்கு ஏற்றலாம். மரத்துக்கும் மண்ணுக்கும் வேண்டிய ஏற்பாட்டை மட்டும் வானம் தெளிவாக இருக்கும் நாளில்தான் செய்ய முடியும்.